கரிசல் காட்டில் வீடு: வானம் (அடித்தளக் குழி) தோண்டுவதற்கு முன் மண்ணில் பார்த்த வேலைகள்

கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவே, அப்பா வழியில் எனக்கு 40 சென்ட் புஞ்சை வந்தது. பல வருடங்களாக ஏர் படாமல் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்த காடு. அங்கே 1,200 சதுர அடியில் ஒரு தரைத்தள வீடு கட்டி அம்மாவோடு போய் இருக்கப் போகிறேன். இன்னும் ஒரு செங்கல்கூட இறங்கவில்லை. இந்தப் பதிவு முழுக்க அதற்கு முந்தைய வேலைகளைப் பற்றியது, ஏனென்றால் கரிசலில் வீடு நிற்பதும் வெடிப்பதும் பாதிக்கு மேல் இந்தக் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் சுற்றுவட்டாரத்தில் புதிதாகக் கட்டிய வீடுகளைப் போய்ப் பாருங்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலேறும் வெடிப்பு, கதவு மழைக்காலத்தில் இறுகி வெயில் காலத்தில் தளர்வது, தரை டைல்ஸ் நடுவில் தூக்கிக்கொள்வது. கொத்தனாரைக் கேட்டால் சிமெண்ட் சரியில்லை என்பார், கடைக்காரரைக் கேட்டால் கொத்தனாரைச் சொல்வார். பெரும்பாலும் காரணம் அடியில் இருக்கிற மண்தான். கரிசலில் உள்ள முக்கியமான களிமண் வகைக்கு மாண்ட்மோரில்லோனைட் என்று பெயர். தண்ணீரைத் தன் நுண் அடுக்குகளுக்குள் இழுத்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரை வைகாசியில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கிற நிலம், ஐப்பசி மழையில் வாயை மூடிக்கொண்டு மேலே எழும்பும். இந்த எழுச்சி வீட்டுக்கு அடியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால் பெரிய தொல்லை இல்லை. ஓரம் நனைந்து நடுப்பகுதி காய்ந்திருந்தால், அல்லது ஒரு மூலையில் மட்டும் குளியலறைத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தால், அப்போதுதான் சுவர் கிழிகிறது. மாடி வீட்டைவிடத் தரைத்தள வீட்டுக்கு ஆபத்து அதிகம், உப்பி எழும் மண்ணை அமுக்கிப் பிடிக்கிற எடை அதற்கு இல்லை. ஆகவே கம்பியைக் கூட்டுவதா சிமெண்டைக் கூட்டுவதா என்ற பேச்சைத் தள்ளி வைத்துவிட்டு, வீட்டுக்கு அடியில் இருக்கும் ஈரத்தை எப்படி மாறாமல் வைப்பது என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு வேலையையும் முடிவு செய்தேன்.

முதலில் காகித வேலை, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டா, அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்), வில்லங்கச் சான்று நான்கையும் எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில்தான் இருக்கும், சென்ட் இருக்காது. ஒரு ஏர் என்றால் ஏறக்குறைய 2.47 சென்ட். என் பட்டாவில் 0.16.20 என்று இருந்தது, அதாவது 16.20 ஏர், அது 40 சென்ட்டுக்குச் சரியாக வருகிறது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பத்திரத்தில் சென்ட்டும் பட்டாவில் ஏரும் ஒத்து வராவிட்டால் அதைத் தீர்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அதைவிட முக்கியம், வண்டி போகும் பாதை புலப்படத்தில் பாதையாகவே இருக்கிறதா, இல்லை பக்கத்துக் காட்டுக்காரர் பெருந்தன்மையால் போய்க்கொண்டிருக்கிறோமா என்பது. எங்களுடையது வரைபடத்தில் உள்ள வண்டிப்பாதை, அதனால் தப்பித்தோம்.

நில அளவைக்கு விண்ணப்பித்துவிட்டு சர்வேயர் வருவதற்குள் எல்லைக் கற்களைக் கண்ணால் பார்க்க வழி செய்ய வேண்டியிருந்தது. நான்கு பக்கமும் கருவேலம் அடைத்து நின்றதால் சங்கிலி பிடிக்கக்கூட இடமில்லை. மொத்தக் காட்டையும் வெட்டிவிட்டு அளக்கலாம் என்று உறவினர்கள் சொன்னார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லை தெரியாமல் ஜேசிபி உள்ளே போனால் பழைய கல்லைப் பெயர்த்துவிடும், அப்புறம் பக்கத்துக்காரரோடு மனத்தாங்கல்தான் மிஞ்சும். அதனால் அரிவாளோடு இரண்டு ஆட்களை விட்டு, எல்லையை ஒட்டி ஆறடி அகலத்துக்கு மட்டும் பாதை வெட்டினோம். அளந்தபோது தென்கிழக்கு மூலைக் கல் மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. பக்கத்துக் காட்டு அண்ணாச்சிகள் இரண்டு பேரையும் நேரில் வரச் சொல்லி, அவர்கள் கண் முன்னாலேயே கல்லை மறுபடி நட்டு, உடனே நான்கு மூலையிலும் கல்தூண் ஊன்றிவிட்டேன்.

இனி சீமைக் கருவேலம். இதில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள்.

எங்கள் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்கள் விறகுக்காக மரத்தை வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள், மரம் பெருத்திருந்தால் நமக்கே பணமும் கொடுப்பார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அவர்களுக்குத் தேவை தரைக்கு மேலே இருப்பது மட்டும். தூரை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். கருவேலம் தூரில் இருந்து மறுபடி துளிர்க்கும், ஒரு மழை பெய்தால் போதும், ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்தாறு கிளைக்கும். வேரும் தண்டும் சேரும் அந்தக் கட்டை மண்ணுக்கு அடியில் ஓர் அடி வரை இருக்கும், அதை முழுதாக எடுத்தால்தான் மரம் போனதாக அர்த்தம். எனவே விறகு வெட்டி முடித்த பிறகு ஜேசிபியை வைத்து ஒவ்வொரு தூராகத் தோண்டி எடுத்தோம். மணிக்கு 1,300 ரூபாய் வாடகை. நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ஓட்டுநர் சில தூர்களை எடுக்காமல் மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டார், கம்பியால் குத்திப் பார்த்துக் கண்டுபிடித்து மறுபடி எடுக்க வைத்தேன். வீடு வரும் இடத்தில் ஒரு தூர் மக்கிப் போனால் அங்கே பள்ளம் விழும், ஆகவே இந்த வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நிற்க வேண்டும். காலுக்கு ரப்பர் பூட்ஸ் கட்டாயம். கருவேல முள் சாதாரணச் செருப்பைத் துளைத்து உள்ளே போய்விடும், கிளறிய புதரில் விரியன் பாம்பும் இருக்கும்.

மரங்களை ஏன் ஒரு மழைக்காலத்துக்கு முன்னாலேயே எடுக்க வேண்டும் என்பதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை ஊரில் யாரும் எனக்குச் சொல்லவில்லை, மண் பரிசோதனை செய்த கல்லூரிப் பேராசிரியர்தான் சொன்னார். கருவேலம் பல வருடமாக நின்ற இடத்தில் வேர்கள் ஈரத்தை உறிஞ்சி, அடிமண்ணை மற்ற இடங்களைவிட வறட்டி வைத்திருக்கும். மரத்தை எடுத்ததும் அந்த உறிஞ்சல் நின்றுவிடும். அடுத்த மழையில் அந்த மண் இழந்த ஈரத்தையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு எழும்பும், இது ஒரே மழையோடு முடியாமல் மெதுவாகத் தொடரவும் செய்யும். மரத்தை வெட்டிய கையோடு அதே இடத்தில் வீட்டைக் கட்டினால், அந்த எழுச்சி முழுவதையும் வீடு வாங்கிக்கொள்ளும். வைகாசியில் தூரெடுத்து, ஐப்பசி கார்த்திகை மழை முழுக்க நிலத்தை வெறுமனே விட்டேன். ஒரு மழையில் எல்லாம் சரியாகிவிடாது என்றாலும் பெரிய அளவு எழுச்சி வீட்டுக்கு முன்னாலேயே நடந்துவிடட்டும் என்பதுதான் நோக்கம். தூர் எடுத்த குழிகளில் வீட்டு இடத்துக்குள் வந்தவற்றைக் கரிசலைக் கொண்டு மூடவில்லை, மழை முடிந்தபின் கிராவல் (செம்மண் கலந்த சரளை) போட்டு அடுக்கடுக்காக இடித்தோம்.

எல்லா மரத்தையும் எடுக்கவில்லை. வடக்கு எல்லையில் வரிசையாகப் பனைகள் நிற்கின்றன, அவற்றில் கை வைக்கவில்லை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது ஒரு பக்கம், அந்த வரிசையை வைத்தது தாத்தா என்பது இன்னொரு பக்கம். ஒரு வேம்பு இருக்கிறது, வீட்டு இடத்திலிருந்து 60 அடி தள்ளி, அதையும் விட்டுவைத்தேன். கரிசலில் மரத்துக்கும் சுவருக்கும் இடையில் குறைந்தது அந்த மரம் வளரக்கூடிய உயரத்துக்கு இடைவெளி விட்டால் நல்லது. வீட்டோடு ஒட்டி வேம்பு வைக்க ஆசைப்படுகிறவர்கள் தயவுசெய்து தள்ளி வையுங்கள்.

ஆனி மாதம், நிலம் நன்றாகக் காய்ந்திருந்தபோது சோதனைக் குழிகள் தோண்டினேன். வீடு வரும் என்று நினைத்த இடத்தின் மூன்று மூலைகளில் மூன்று குழி. எங்கள் ஊரில் கரிசலுக்கு அடியில் சுக்கான் வரும், வெளிர் மஞ்சளாக, கட்டி கட்டியாகச் சுண்ணாம்பு கலந்து, கடப்பாரை போட்டால் சத்தம் மாறும். அது உப்பாது, வீட்டைத் தாங்கும். இரண்டு குழிகளில் ஆறடியில் சுக்கான் தட்டிவிட்டது. மூன்றாவது குழியில் எட்டடி போயும் கரிசலும் வண்டலும்தான், நடுவில் பொடி மணல் ஒரு படிவாக வந்தது. பக்கத்துக் காட்டுத் தாத்தா ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தன் சிறு வயதில் அந்த வழியாக ஓடை போனது என்றார். பாதி வீடு சுக்கானிலும் பாதி வீடு மண் மேவி மூடிய ஓடையிலும் நின்றால் அதைவிடக் கெட்ட அடித்தளம் கிடையாது. வரைபடம் போடுவதற்கு முன்பே இது தெரிந்ததால் வீட்டை 25 அடி மேற்கே நகர்த்திவிட்டோம், செலவு ஒன்றுமில்லை. புதிய இடத்தில் மறுபடி குழி போட்டதில் நான்கு மூலையிலும் ஐந்தரை அடியிலிருந்து ஆறரை அடிக்குள் சுக்கான் கிடைத்தது. ஜேசிபி வந்திருக்கும்போதே குழி போடச் சொல்லுங்கள், ஒரு மணி நேர வாடகையில் முடிகிற காரியம்.

குழியில் வெவ்வேறு ஆழத்தில் எடுத்த மண்ணை வைத்து வீட்டிலேயே ஒரு சோதனை செய்தேன். இது இந்தியத் தர நிர்ணயத்தில் உள்ள முறைதான், ஐஎஸ் 2720-இன் 40-ஆம் பகுதி. மண்ணை நன்றாக உலர்த்திப் பொடித்து, 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, 10 கிராம் வீதம் இரண்டு பங்கு எடுக்க வேண்டும். இரண்டு 100 மில்லி அளவுக் குழாய்களில் ஒன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். மண்ணைப் போட்டுக் கலக்கி, காற்றுக் குமிழி போக விட்டு, 24 மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது, தண்ணீரில் உப்பும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை மண்ணெண்ணெய் அளவால் வகுத்து நூறால் பெருக்கினால் வீக்கச் சதவீதம். நாலடி ஆழத்து மண் மண்ணெண்ணெயில் 12 மில்லியில் நின்றது, தண்ணீரில் 20 மில்லி. 67 சதவீதம். 50-க்கு மேல் போனாலே மிக அதிகம் என்ற வகை. சுக்கானைப் பொடித்துப் போட்டால் வித்தியாசம் சொல்லும்படி இல்லை. வீட்டுச் சோதனையை நம்பி அடித்தளம் போடக் கூடாது, அதனால் பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் கொடுத்து, தாங்குதிறனும் சேர்த்து முறையான அறிக்கை வாங்கினேன். ஆனாலும் அந்த இரண்டு கண்ணாடிக் குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அம்மாவுக்குக் காட்டியபோதுதான், ஏன் மண்ணுக்கு இவ்வளவு செலவு செய்கிறாய் என்ற கேள்வி வீட்டில் நின்றது.

எனக்கு ஆறடியில் சுக்கான் இருப்பதால், பில்லர் குழிகளை அதுவரை இறக்கி அதன்மேல் நிற்க வைக்கப் போகிறோம். உங்கள் நிலத்தில் பத்துப் பன்னிரண்டு அடிக்கும் கரிசலே போனால் வேறு வழி பார்க்க வேண்டும். அதற்காகத்தான் ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம், அடியில் குமிழ் போல விரியும் பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) முறையை உருவாக்கியது. குமிழின் விட்டம் வழக்கமாகத் தண்டைப் போல் இரண்டரை மடங்கு. ஆழமான கரிசலில் பைல் குறைந்தது 3.5 மீட்டர் போக வேண்டும், ஏனென்றால் பருவத்துக்குப் பருவம் ஈரம் ஏறி இறங்கும் மண்டலத்தைத் தாண்டினால்தான் குமிழ் அசையாமல் பிடிக்கும். மேலே வரும் பீமுக்கும் மண்ணுக்கும் இடையில் மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் இடைவெளி விடுவார்கள், மண் உப்பினாலும் பீமைத் தூக்காமல் இருக்க. இதைத் தெரிந்த பொறியாளரைப் பிடியுங்கள், ஊர் வழக்கத்தில் நாலடி வானம் தோண்டிக் கருங்கல் கட்டினால் போதும் என்று சொல்பவர் நல்ல மனிதராக இருக்கலாம், அவர் செம்மண் ஊரில் வேலை பார்த்துப் பழகியவராக இருப்பார்.

மழை தொடங்குவதற்கு முன் ஆவணியில் பாதையைச் சரிசெய்தேன். கரிசலில் மழை பெய்துவிட்டால் டிப்பர் என்ன, டிராக்டரே அச்சு வரை இறங்கிவிடும். வண்டிப்பாதையில் எங்கள் வாசல் வரைக்கும் 12 அடி அகலத்துக்கு மேல்மண்ணை அரை அடி வழித்துவிட்டு, சரளை போட்டு ரோலர் ஓட்டினோம். பாதை ஓரத்தில் மழைத்தண்ணீர் போகும் சிறு வாய்க்கால் ஒன்று இருக்கிறது, அதை மேவிவிட்டுப் பாதை போட்டால் வேலை சுலபம், மேலே இருக்கிற காடுகளில் தண்ணீர் தேங்கி உளுந்து அழுகும். ஆகவே இரண்டடி சிமெண்ட் குழாய் பதித்து அதன் மேல் பாதை போட்டோம். ஊராட்சியில் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். அதே சமயத்தில் மின்கம்பம் எவ்வளவு தூரம், தற்காலிக இணைப்பு எப்படி என்பதையும் விசாரித்து எழுதிக் கொடுத்தாயிற்று.

அப்புறம் ஐப்பசி. நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக மூங்கில் குச்சிகள் நட்டு, ஒவ்வொன்றிலும் அங்குலக் கணக்கில் கோடு போட்டு வைத்திருந்தேன். மழை பெய்யும்போது குடையோடு போய் நின்று தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்துப் புகைப்படம் எடுத்தேன். கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்த நிலம், மேற்கிலிருந்து கிழக்கே இரண்டடி சரிந்திருந்தது. பிற்பாடு மட்டக் குழாய் பிடித்து அளந்தபோதும் அதே கணக்குதான் வந்தது. எங்கள் நிலத்து மழைநீரைவிட மேற்கே மேட்டில் இருக்கும் காட்டிலிருந்து இறங்கி வந்த தண்ணீர்தான் அதிகம், அது வீடு வரப்போகும் இடத்தை நேராகக் கடந்து அந்தப் பழைய ஓடைத் தடத்துக்குத்தான் போனது. எத்தனை வருடம் ஆனாலும் தண்ணீர் பழைய வழியை மறக்கவில்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே, அவசரம் எவ்வளவு இருந்தாலும் ஒரு வடகிழக்குப் பருவமழையை நிலத்தில் பார்த்துவிட்டுக் கட்டுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மழை விட்டு மண் காயத் தொடங்கிய தை மாதம், மேற்கு எல்லையை ஒட்டி இரண்டடி ஆழம், நாலடி அகலத்தில் ஒரு தடுப்பு வாய்க்கால் வெட்டினோம். மேட்டுத் தண்ணீர் அதில் விழுந்து, தெற்கு எல்லையோடு சுற்றிக் கிழக்கே போய், பழைய ஓடைத் தடத்தில் வெட்டிய பண்ணைக்குட்டையில் சேரும். குட்டை வீட்டிலிருந்து 80 அடிக்கு மேல் தள்ளி, தாழ்ந்த பக்கத்தில் இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் குட்டையோ மழைநீர் உறிஞ்சு குழியோ வைத்தால் கரிசலுக்கு நாமே தண்ணீர் ஊட்டுவது போலாகும். குட்டை நிரம்பி வழிந்தால் போவதற்கு, எப்போதும் தண்ணீர் வெளியேறிய அதே இடத்திலேயே வழி விட்டிருக்கிறேன், கீழ்க்காட்டுக்காரருக்குப் புதிதாகத் தண்ணீர் தள்ளக் கூடாது. மழைக்குப் பின் கருவேலக் கன்றுகள் ஆயிரக்கணக்கில் முளைத்திருந்தன. ஆடு மாடு தின்று போட்ட சாணத்தோடு வந்த விதைகள் மண்ணில் நெடுங்காலம் கிடக்கும். மண் ஈரமாக இருக்கும்போதே ஆட்களை வைத்து வேரோடு பிடுங்கினோம், காய்ந்துவிட்டால் வேர் அறுந்து தலை மட்டும்தான் கையோடு வரும்.

மாசியில் வீட்டு மேடை. 40-க்கு 50 அடி, அதாவது வீட்டைச் சுற்றி ஐந்தடி கூடுதலாக. முதலில் மேல்கரிசலை ஒன்றரை அடி வழித்து எடுத்தோம். அதை யாருக்கும் கொடுக்கவில்லை, கிழக்கே குவித்து வைத்திருக்கிறேன், காய்கறித் தோட்டத்துக்கு அதைவிட நல்ல மண் கிடைக்காது. அந்தப் பள்ளத்தையும் சேர்த்து மொத்தம் மூன்றடிக்கு நிரப்பு, சுற்றியுள்ள தரையைவிட மேடை ஒன்றரை அடி உயரம். 2,000 சதுர அடியை மூன்றால் பெருக்கினால் 6,000 கன அடி, 60 யூனிட். இடித்து இறுக்கும்போது அடங்குவதற்குக் கால் பங்கு கூட்டி 75 யூனிட் சொன்னோம், மூன்று யூனிட் டிப்பரில் 25 லோடு.

எதை நிரப்புவது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. கண்மாய் வண்டல் சல்லிசாகக் கிடைக்கும் என்றார் ஒருவர். வயலுக்குப் போட அது அருமையான மண், வீட்டுக்கு அடியில் கூடவே கூடாது, எங்கள் பக்கத்துக் கண்மாயில் படிந்திருப்பதும் அடித்துவரப்பட்ட கரிசல்தானே. மேஸ்திரி, பாறைத்தூள் அல்லது மணல் மட்டும் போடலாம் என்றார். மணல் உப்பாது, உண்மைதான், ஆனால் சுற்றிலும் தண்ணீர் விடாத களிமண் இருக்க நடுவில் மணலைக் கொட்டினால் மழைத்தண்ணீர் அதற்குள் புகுந்து வெளியேற வழியில்லாமல் அடியிலேயே தேங்கி நிற்கும், கரிசல் அதைக் குடித்துக்கொண்டே இருக்கும். பம்பாய் ஐஐடியில் பேராசிரியர் ஆர். கே. கட்டி பல வருடம் ஆராய்ந்து சொன்ன வழி, ஒட்டும் தன்மை உள்ள ஆனால் உப்பாத மண்ணைச் சுமார் ஒரு மீட்டர் கனத்துக்கு இறுக்கிப் போடுவது. எங்கள் பக்கம் கிடைக்கும் செம்மண் கலந்த சரளை அதற்குப் பொருந்தி வந்தது. அனுமதிச்சீட்டு உள்ள குவாரியில் இருந்துதான் எடுத்தேன், முதலில் ஒரு சாக்கு மண் வாங்கி அதே மண்ணெண்ணெய்ச் சோதனையில் பார்த்துவிட்டுத்தான் பேசினேன். அப்படியும் ஒரு லோடில் கரிசல் கட்டிகள் கலந்து வந்தது, இறக்க விடாமல் திருப்பி அனுப்பினேன். டிப்பர் கொட்டும் நேரத்தில் நம் ஆள் ஒருவர் நிற்பது இதற்காகத்தான்.

நிரப்பும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழக்கமாக மூன்றடி மண்ணையும் ஒரேயடியாகக் கொட்டி, மோட்டாரைப் போட்டுத் தண்ணீரைத் தேக்கிவிட்டு, தானாக அமுங்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். கரிசல் மேல் இதைச் செய்தால் அவ்வளவு தண்ணீரும் அடியில் இறங்கி, வீடு கட்டுவதற்கு முன்பே மண்ணை உப்ப வைத்துவிடும். நாங்கள் எட்டு அங்குலம் எட்டு அங்குலமாகப் பரப்பி, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற பதத்துக்குத் தண்ணீர் தெளித்து, சிறு ரோலர் ஓட்டி, ஓரங்களில் இடிக்கும் இயந்திரம் வைத்து இறுக்கினோம். ஒவ்வொரு அடுக்கு முடிந்ததும் 12 மில்லிமீட்டர் கம்பியை அங்கங்கே அடித்துப் பார்த்தேன், ஓரிடத்தில் சட்டென்று இறங்கினால் அந்த இடத்தை மறுபடி இடித்தோம். மேடையின் மேல்பரப்பு நடுவில் லேசாக உயர்ந்து நான்கு பக்கமும் சரியும். பிற்பாடு வீட்டைச் சுற்றி அந்த ஐந்தடிக்கும் கான்கிரீட் தளம் வரும், சுவரோரத்தில் மழையும் வெயிலும் மாறி மாறி மண்ணைத் தொடாமல் இருக்க.

தண்ணீர் விஷயம். கட்டட வேலைக்கு முன் ஆழ்துளைக் கிணறு போட்டோம், கரிசல் காட்டில் எதிர்பார்த்தபடி உவர்தான். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டிவிட்டது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம்) அனுமதிக்கிற உச்சவரம்பு அதுதான், தாண்டினால் கம்பி துருப்பிடிக்கும். கொத்தனார்கள் வாயில் வைத்துப் பார்த்து உப்பு கரிக்கவில்லை, போடலாம் என்று சொல்வதை நம்பாதீர்கள், சோதனைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. கான்கிரீட்டுக்கும் நீராட்டுவதற்கும் நல்ல தண்ணீர் லாரியில்தான் வர வேண்டும், அதற்கு 10,000 லிட்டர் தொட்டி ஒன்றை மேடைக்கு வெளியே, தாழ்ந்த பக்கமாகக் கட்டியிருக்கிறோம்.

கழிவுநீர்த் தொட்டிக்கும் இப்போதே இடம் குறித்தாயிற்று. கரிசல் தண்ணீரை வேகமாகக் கீழே இறங்க விடாது, மூன்று சிமெண்ட் உறை இறக்கிவிட்டால் போதும் என்ற கதை இங்கே நடக்காது, நிரம்பிப் பொங்கும். வீட்டின் கிழக்கே 40 அடி தள்ளி கசியாத தொட்டி, அதிலிருந்து வெளிவரும் நீர் கல்வாழை நட்ட சரளைப் படுகை வழியாக வாழைக்குப் போகும். ஆழ்துளைக் கிணறு வடமேற்கு மூலையில் இருப்பதால் இரண்டுக்கும் இடையில் 50 அடிக்கு மேல் இருக்கிறது. வீட்டுக்குள்ளிருந்து போகும் குழாய்களில் இணைப்புகள் எதுவும் தரைக்கு அடியில் வராதபடி, எல்லாத் தண்ணீர்ப் புழக்கமும் கிழக்குச் சுவரிலேயே வரும்படி வரைபடத்தை மாற்றி வாங்கினேன். சமையலறை அக்கினி மூலையில் வர வேண்டும் என்ற அம்மாவின் விருப்பமும் அதில் அடங்கிவிட்டது.

இதுவரை ஆன செலவில் பெரும்பங்கு மேடைக்குத்தான், கிராவல் மட்டும் லோடு 4,500 வீதம் 1,12,500 ரூபாய். அதற்கு அடுத்து பாதை, அப்புறம் ஜேசிபி. விறகு விற்ற பணம் எல்லைக்கல்லுக்கும் தூரெடுப்பின் ஒரு பகுதிக்கும் ஆயிற்று. சித்திரையில் நாள் பார்த்திருக்கிறோம். கரிசலில் அடித்தள வேலை காய்ந்த காலத்தில்தான் செய்ய வேண்டும், தோண்டிய குழியை வெயிலில் திறந்து போடாமல் அடுத்தடுத்து கான்கிரீட் போட்டு மூட வேண்டும். அதனால் கம்பியும் ஜல்லியும் வந்து இறங்கிய பிறகுதான் முதல் குழி, ஒரு நேரத்தில் நான்கு குழிக்கு மேல் திறப்பதில்லை என்று மேஸ்திரியிடம் பேசி முடித்திருக்கிறேன். ஐப்பசிக்குள் பிளிந்த் பீம் (சுவருக்கு அடியில் வரும் கான்கிரீட் விட்டம்) முடிந்து சுற்றுத்தளமும் போட்டுவிட வேண்டும் என்பது கணக்கு. பில்லர் குழியில் சுக்கான் வந்ததும் ஒவ்வொன்றின் ஆழத்தையும் குறித்து வைத்து அடுத்த பதிவில் போடுகிறேன்.